எங்கள் பக்க ஹாரன்

அப்துல் கஃபார் செய்த வேலை எதுவும் யார் கண்ணிலும் பட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு திமிரே உண்டு.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு டேனரியில் அவர் எலக்ட்ரீஷியன். நான் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஏசுராஜ் என்று பெயர், பாய் வீட்டுக்கு மட்டும் ராஜு. தோல் ஊறும் பெரிய டிரம்களை ஆள் நின்று ஓட்டிய காலத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் டைமர் வந்தது, அப்புறம் கம்ப்யூட்டர் போர்டு வந்தது. எது வந்தாலும் மூடியைத் திறந்து, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு மூடிவிடுவார். அதன் பிறகு எந்த டிரம் எப்போது சுற்றுகிறது, எப்போது நிற்கிறது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. மேனேஜர்கூட அந்தப் பெட்டியின் மேல்தான் டீ கிளாஸை வைப்பார்.

"ஒரு மிஷின் இருக்குதுன்னே ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது ராஜு. தெரிஞ்சுதுன்னா எங்கியோ கோளாறுன்னு அர்த்தம்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

வேலைக்குப் போனது ஒரே இடம், குடியிருப்பது எதிரெதிர் வீடு. தெருமுனையில் பள்ளிவாசல். அதன் மினாராவில் தொழுகைக்குப் பாங்கு சொல்ல, நான்கு பக்கமும் பார்த்து நான்கு ஒலிபெருக்கி ஹாரன் உண்டு. ஒன்று நேராக எங்கள் தெருவைப் பார்த்தது. கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண்கள் முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்கள். அப்புறம் கேட்காது. எனக்கும் கேட்டதில்லை, என் அம்மா படுத்த படுக்கையாகும் வரை.

அம்மாவின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு பாங்குக்கும் அவள் உடம்பு அதிர்ந்தது. நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேதக்கார வீட்டுக்காரன் போய்ப் பள்ளிவாசலில் என்னவென்று சொல்வது? ஒரு சாயங்காலம் பாங்கு எங்கோ தூரத்தில் கேட்பதுபோலக் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கஃபார் மினாராவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். பாங்கு சொல்லும் மோதினாரிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்க ஹாரனின் ஒயரை மட்டும் கழற்றியிருந்தார். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் மாட்டிவிட்டார்.

அதிலிருந்து எங்கள் தெருவில் அது வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் உயிர் இழுத்துக்கொண்டிருந்தாலும், துலுக்க வீடோ எங்கள் வீடோ, கஃபார் மேலே ஏறி அந்த ஒயரைக் கழற்றுவார். ஹாரன் ஓய்ந்தால் பெண்கள் வாசலுக்கு வந்து எந்த வீட்டில் என்று கேட்பார்கள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஹாரன் சொல்லிவிடும்.

பள்ளிவாசலுக்குள் ஒரு பெட்டி இருந்தது. அதைத் தோல் வியாபாரி ஆபித் பாஷா வாங்கிக் கொடுத்து எட்டு வருஷம் இருக்கும். அதற்கு முன்னால் நோன்பு மாதத்தில் மோதினார் சுவரில் ஒட்டிய நேர அட்டவணையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், வாசலுக்கு வந்து மேற்கே மலையைப் பார்ப்பார், அப்புறம்தான் நோன்பு திறக்கச் சைரன் பொத்தானை அமுக்குவார். பெட்டி வந்த பிறகு அதெல்லாம் இல்லை. வருஷத்தின் ஒவ்வொரு நாளும் எப்போது பொழுது விடியும், எப்போது சாயும் என்று அதற்கே தெரியும். சிவப்பு எழுத்தில் மணி காட்டும், நேரம் வந்தால் தானே சைரனை ஊதும். கஃபார்தான் மாட்டினார். ஒரு வாரம் எல்லோரும் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் அது இருப்பதையே மறந்துவிட்டார்கள். அட்டவணைக்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைத்தார்கள்.

கஃபாரின் மனைவி நசீமுன்னிசாவை நான் பாபி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருஷமாக வாரத்தில் இரண்டு நாள் வேலூருக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். என் ஓம்னி வேனில்தான் போவோம். போகும்போது வீங்கிய முகத்தோடு கதை பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பிழிந்து போட்ட துணிபோலப் பின் சீட்டில் கிடப்பார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு கொடுத்திருந்தார். அந்தச் சின்ன டம்ளரை வைத்துக்கொண்டு அவர் ஒரு பகலை ஓட்டுவதைப் பார்த்தால் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அப்படிப்பட்ட நோயாளிக்கு நோன்பு கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கு உண்டாம். ஆனாலும் தெருவே நோன்பிருக்கும்போது தான் மட்டும் பகலில் சோறு தின்பது பாபிக்கு அவமானமாக இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நாளெல்லாம் தண்ணீரை அளந்து குடிக்கிற உங்களுக்கு இதுவே நோன்புதானே என்று நான் ஒரு முறை அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"அது டாக்டர் நிறுத்துறது ராஜண்ணே. இது நானா நிறுத்துறது" என்றார். அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன வருஷம் நோன்பு மாதம் பிறந்ததுமே பாபி பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்தார். முப்பது வேண்டாம், ஒன்று போதும். எல்லாவற்றிலும் விசேஷமான இருபத்தேழாம் நோன்பு மட்டும். அன்று மிஷினும் இல்லை. கஃபார் கத்தினார், கெஞ்சினார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார். கடைசியில் பாபி சொன்னதுதான் நடந்தது. அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

அன்று பகல் முழுக்க என் மனைவி சவுரியம்மாள் எங்கள் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கஃபார் மத்தியானமே வேலையிலிருந்து வந்து பாபியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். மகள் ஹீனா ஷூ கம்பெனியிலிருந்து வந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்தாள். சைரன் ஊதியது. கஃபார் தன் கையாலேயே பழத்தை மனைவி வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாபி சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஒன்னு முழுசா வெச்சுட்டேன் அக்கா" என்றார் சவுரியம்மாளிடம்.

மூன்று வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்றவள் பிள்ளையைக் காட்டுவதுபோல வெறும் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். சவுரியம்மாள் அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் மிஷின். வேலூரிலிருந்து திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் பொழுது சாய்கிற நேரமாகிவிட்டது. ரோட்டோரப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கஃபாருக்காக வண்டியை ஓரம் கட்டினேன். பாபி பின்னால் அசந்து தூங்கினார். கஃபார் போய் வரிசையில் உட்கார்ந்தார். கஞ்சிக் கிண்ணங்களை முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் கையைக் கட்டிக் காத்திருந்தார்கள். அப்போது ஹீனா அவருக்குப் போன் செய்தாள். நாங்கள் நோன்பு திறந்து அஞ்சு நிமிஷம் ஆகிவிட்டது, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தன் போனில் நோன்பு திறக்கும் நேரம் இன்னும் ஆகவில்லை என்று காட்டுகிறது, இந்தப் போன் கொஞ்ச நாளாகவே லேட்டு என்றும் சொன்னாள்.

கஃபார் போனை இறக்கி எதிரே காத்திருந்தவர்களைப் பார்த்தார். அப்புறம் ரோடு எங்கள் ஊரை நோக்கிப் போகும் திசையைப் பார்த்தார். அங்கே வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. எழுந்து வேனுக்கு வந்தார்.

"ராஜு, இங்கருந்து நம்ம ஊரு மேற்கதான?"

முப்பது வருஷமாகத் தெரியாததா என்றேன்.

"அப்ப பொழுது இங்க மொதல்ல சாயணும். அங்க எப்படி முன்னாடியே சாஞ்சுது?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவருக்கு ஓடிவிட்டது. அங்கே பாங்கு சொன்னதும் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்தார். கஞ்சியைத் தொடவில்லை.

ஊர் வந்ததும் பாபியைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு நேராகப் பள்ளிவாசலுக்குப் போனார். நானும் வாசல் வரை போனேன். பெட்டியைக் கழற்றினார். விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால் கரண்ட் போய் வந்தபோது பெட்டி செத்துக் கிடந்தது. உள்ளே பட்டன்போல ஒரு பேட்டரி தீர்ந்திருந்தது. அன்று வேலூருக்குக் கிளம்பும் அவசரம். நான்தான் வெளியே வேன் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தேன். புது பேட்டரி போட்டு, தேதி வைத்து, மணி வைத்து, சிவப்பு எழுத்து சரியாக ஓடுகிறது என்று பார்த்து மூடிவிட்டார். பெட்டிக்கு மணியோடு ஊரும் மறந்துபோயிருந்தது. எந்த ஊர் என்று நாம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சென்னை என்று அதுவே எடுத்துக்கொள்ளும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊரை வைத்தவர் இவர்தான். அதன் பிறகு அதைத் தொட வேண்டிய வேலையே வரவில்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதை மாட்டியவரே மறந்துவிட்டார்.

சென்னையில் பொழுது எங்கள் ஊரைவிட ஆறு நிமிஷம் முன்னாடி சாய்கிறது. டிவியிலும் சென்னை நேரத்தைத்தான் சொல்வார்கள், சைரனோடு ஒத்துப்போனது. மேற்கே மலை, சூரியன் எப்போதும் அதற்குப் பின்னால் முன்கூட்டியே போய்விடும். டவுன் பள்ளிவாசல்களின் பாங்கு ஹைவேயைத் தாண்டி எங்களுக்குக் கேட்காது. போன் சரியாகச் சொன்னது, போன்தான் தப்பென்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். பத்து நாள் எங்கள் தெரு மொத்தமும் சூரியன் இருக்கும்போதே நோன்பைத் திறந்திருக்கிறது.

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் நவீத் சின்ன வயசுக்காரர், ஆனால் நிதானமானவர். பத்து நோன்பையும் எல்லோரும் பிறகு ஒவ்வொரு நாளாக வைத்துத் தீர்க்க வேண்டும், களா என்பார்களே, அதுதான் என்றார். இன்றைக்கே மைக்கில் சொல்லியாக வேண்டும் என்றார். கஃபார் தலையைத் தூக்காமல், என் வீட்டில் ஒரே ஒரு நோன்பு வைத்தாள் ஹஜ்ரத், அவள் காதில் இது விழக் கூடாது என்றார்.

"அவங்க நோயாளி பாய். அவங்க மேல கடமையே இல்ல. அல்லா எண்ணத்ததான், நிய்யத்ததான் பாப்பான்."

"அது உங்க கிதாபுல ஹஜ்ரத். அவ மனசுல?"

அந்த அம்மாவுக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியாது என்றார் ஹஜ்ரத்.

அறிவிப்புக்கு முன்னால் கஃபார் மினாராவில் ஏறினார். எங்கள் பக்க ஹாரனின் ஒயரைக் கழற்றினார். எங்கள் தெருவுக்கு மட்டும் ஹீனாவும் சவுரியம்மாளும் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லி, நசீமுன்னிசாவிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்கள். ஜமாஅத் வாட்ஸப்பில் வந்த செய்தியைத் தாயின் போனிலிருந்து ஹீனா அழித்தாள். சண்டைக்காரத் தெரு எங்களுடையது. குப்பை கொட்டினாலே ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வெளியே வரவில்லை.

எல்லாவற்றையும் யோசித்தோம். ஹாரனை யோசிக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து நான்கு வீடு தள்ளி முப்பது வருஷம் வாழ்ந்த பாபிக்கு அந்த ஹாரன் கேட்பதில்லை. ஆனால் நின்றுபோனது கேட்டுவிட்டது.

மறுநாள் பாபி ஜன்னல் வழியாகச் சவுரியம்மாளைக் கூப்பிட்டு, எந்த வீட்டில் அக்கா என்று கேட்டிருக்கிறார். என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. தெரியாது என்றாள், அப்புறம் யாருக்கும் ஒன்றுமில்லை என்றாள், அப்புறம் அடுப்பில் பால் இருக்கிறதென்று உள்ளே ஓடி வந்துவிட்டாள். பாபி அதற்கு மேல் கேட்கவில்லையாம், சிரித்தாராம். சவுரியம்மாள் அதை அப்போது எங்களிடம் சொல்லவும் இல்லை.

பெருநாளன்று பாபி தன் வளையல்களைக் கழற்றி ஹீனா கையில் போட்டார். சவுரியம்மாளைக் கட்டிக்கொண்டு, நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள் அக்கா என்றார். பெருநாள் அல்லவா, பாசத்தில் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த மிஷின் நாளில் நான் வேனை வாசலில் நிறுத்தினேன். பாபி எழுந்திருக்கவில்லை.

"வேணாங்க. ஹாரன கழட்டின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டரு உங்ககிட்ட நாள் சொல்லிட்டாரு. இனிமே இன்னாத்துக்கு அந்த ஊசி? நான் வீட்லயே இருக்கேன்" என்றார் கணவரிடம்.

நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். கஃபார் இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. வெளியே வந்து, இன்றைக்கு வேண்டாம் ராஜு, வண்டியை உள்ளே விடு என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். உனக்கு மூளை கெட்டுவிட்டதா, ஒரு நோன்பா, உசுரா என்று கேட்டேன்.

"மூணு வருஷமா அவ ஒடம்பு டாக்டர் கையில, சாப்பாடு டாக்டர் கையில, தண்ணி டாக்டர் கையில. அவளுக்குன்னு இருக்குறது அந்த ஒன்னுதான். அத நான் எப்படிப் புடுங்குவேன்?" என்றார்.

ஒரு முறை மிஷினைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை. மூன்றாம் நாள் பாபியின் கால் தூண்போல வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தோம். அடுத்த மிஷின் நாள் காலையில் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்போதும் வேண்டாம் என்றே தலையாட்டினார். கஃபார் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"நசீமா, உனக்கு யாரும் நாள் சொல்லல. ஹாரன கழட்டுனது அதுக்கில்ல. பொட்டியில ஊரு மாறிப்போச்சு. ஆறு நிமிஷம் முன்னாடியே ஊதிடுச்சு. நான்தான் தப்பா வெச்சேன். அந்த மைக்குல சொல்றது உன் காதுல வுழக்கூடாதுன்னுதான் கழட்டுனேன்."

பாபி தலையணையிலிருந்து முகத்தை அவர் பக்கம் திருப்பினார். மூச்சு மட்டும் இரைந்துகொண்டிருந்தது. ஹீனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப என்னுது கூடலியா?"

பாபி ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார்.

"அப்ப எனக்கு ஒரு நோன்பு பாக்கி இருக்கு. என்ன எழுப்புங்க. வண்டில ஏறணும்."

அன்றைக்கு மாதனூர், பள்ளிகொண்டா எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. உயிரோடு கொண்டு சேர்த்தோம். ஆனால் நுரையீரலில் கோத்த நீர் இதயத்தைக் கெடுத்துவிட்டது என்றார்கள். ஏன் ஒரு முறை விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். அந்த டாக்டருக்கு என்னவென்று சொல்வது? பெட்டியையா, ஹாரனையா?

அதற்குப் பிறகு பாபி மிஷினை ஒரு நாளும் தவறவிடவில்லை. மருந்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தேறி வருகிறார் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். எதற்காகத் தேறப் பார்க்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். ஹஜ்ரத் ஆளனுப்பி, ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட்டால் போதும், நீங்கள் வைக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தார். அது நோன்பு வைக்க முடியாதவர்களுக்கு, நான்தான் வைத்தேனே, ஆறு நிமிஷம்தானே குறை என்றார் பாபி.

ஆடி மாதம் ஒரு மப்பு நாள். காலையில் ஹீனா கஞ்சி கொண்டுபோனபோது வேண்டாம் என்றிருக்கிறார். மாத்திரையும் வேண்டாம் என்றபோதுதான் பாக்கி நோன்பை வைக்கிறார் என்று புரிந்தது. கஃபார் வேலைக்குப் போகவில்லை. இந்த முறை கத்தவும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் என் வீட்டுக்கு வந்து, மாடிக்குப் போகலாமா என்று கேட்டார். தெருவில் என் வீட்டுக்குத்தான் மாடி.

மேற்கே மலையும் தெரியவில்லை, சூரியனும் தெரியவில்லை. மேகம் கவிழ்ந்து கிடந்தது. கஃபார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்து நின்றார். கீழே அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டுப் பாபியை உட்கார வைத்திருந்தார்கள். கையில் பேரீச்சம்பழம். பள்ளிவாசலின் அந்தப் பக்க ஹாரன்களிலிருந்து சாயங்காலப் பாங்கு மெல்லிசாகக் கேட்டது. எங்கள் பக்க ஹாரனை அவர் இன்னும் மாட்டவில்லை.

கீழே எல்லோரும் அண்ணாந்து கஃபாரைப் பார்த்தார்கள். நேரமாயிற்று பாய் என்றேன்.

"மோதினாரு பொட்டியப் பாத்துதான் சொல்றாரு" என்றார்.

பெட்டியை நீதானே சரி செய்தாய் என்றேன். அதனால்தான் சொல்கிறேன் என்றார். என் போனை எடுத்துக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏங்க ஆயிடுச்சா என்று பாபியின் குரல் வந்தது. இரு என்றார். மறுபடியும் கேட்டது. இரு நசீமா, இன்னும் கொஞ்சம் என்றார். மேகத்துக்குப் பின்னால் இருப்பது பகலின் வெளிச்சமா, மிச்ச வெளிச்சமா என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் ஒயரையும் போர்டையும் பார்த்த கண் அது. நான் கெஞ்சினேன், திட்டினேன். அவர் கை அந்தச் சுவரை விடவில்லை. தெரு விளக்கு எரிந்தது. அதுவும் ஒரு டைமர்தானே என்றார்.

மூன்றாம் முறை கீழேயிருந்து குரல் வரவில்லை. ஹீனாதான் அப்பா என்று கூப்பிட்டாள். இறங்கிப் போனபோது பாபியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. பழம் கையிலேயே இருந்தது.

வேனில் கஃபாரின் மடியில் படுக்க வைத்தோம். ஹைவேயில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் பாபிக்கு நினைவு வந்தது.

"ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நிச்சயமா?"

அவர் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி, மனைவியின் தலையை இரண்டு கையாலும் தூக்கி வெளியே காட்டினார். நல்ல இருட்டு. பாலாறு, வயல், மலை எதுவும் தெரியவில்லை. பாபி அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். ஹீனா பழத்தைப் பிய்த்து ஒரு துணுக்கை வைத்து, டம்ளரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். அதை விழுங்கினாரா என்று யாருக்கும் தெரியாது. டோல்கேட்டில் வண்டி நின்றபோது உயிர் இல்லை.

இதெல்லாம் நடந்து இந்த வருஷ நோன்பும் வந்து போய்விட்டது. பெட்டி சரியாகத்தான் இருக்கிறது. ஹஜ்ரத் முதல் வாரம் பீரோவை நகர்த்தி அட்டவணையோடு ஒத்துப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். சைரன் ஊதுகிறது, தெரு சாப்பிடுகிறது. பத்து நோன்பையும் யார் யார் தீர்த்தார்கள், யார் தீர்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கஃபார் மட்டும் நோன்பு நாட்களில் சாயங்காலமானால் என் மாடிக்கு வந்துவிடுவார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். கண்ணுக்கு நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் குடிப்பார். நான் கூடவே நிற்பேன்.

எங்கள் பக்க ஹாரனை அவர் மாட்டவேயில்லை. மோதினாரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் பெண்கள் வாசலில் நின்று மினாராவைப் பார்ப்பார்கள். இப்போது பார்ப்பதில்லை. போன வாரம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த வஜீதா, இந்தத் தெரு எவ்வளவு அமைதி அக்கா என்று சவுரியம்மாளிடம் சொல்லியிருக்கிறாள்.